அண்ணியின் பயிற்சித் தாள்கள்

ஜனவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

உங்கள் அண்ணியின் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? கண் எரிகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று போன வருஷம் உங்கள் அண்ணனுக்கு எழுதியிருந்தீர்கள். மாற்றியாயிற்றா? இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஓர் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எழுத்தர் தேர்வு ஒன்று எழுதலாம் என்று இருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். கணக்கையும் பொது அறிவையும் எப்படியோ சமாளித்துவிடுவேன். ஆங்கிலத்தில்தான் இடிக்கிறது. அதில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு பகுதி. பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். முக்கால்வாசிக் கேள்விகள் இரண்டே தப்பைச் சுற்றித்தான் வருகின்றன. ஒன்று, ஒரு சொல்லில் முடிகிறதை நாலு சொல்லில் இழுப்பது. இன்னொன்று, வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது முதலில் வருவது ஒரு மாதிரியும் கடைசியில் வருவது வேறு மாதிரியும் இருப்பது. தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது. சரிசெய்யத்தான் கை ஓடவில்லை.

நீங்கள் இந்த மாதிரித் தேர்வுப் புத்தகங்களைத் தயாரிப்பவர் என்று உங்கள் அண்ணன் தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்வார். அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். நானே வாக்கியங்கள் எழுதி அனுப்பினால் திருத்தித் தருவீர்களா? தேர்வு ஏப்ரல் கடைசியில்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அண்ணி


ஜனவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நமஸ்காரம். நான் சௌக்கியம், கண்ணாடி மட்டும் இன்னும் பழையதுதான். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? "இருக்கிறோம்" என்று எழுதினால் எப்படி? அது எனக்கே தெரியுமே.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருஷம், அண்ணி! அம்மா இறந்த மாதம் எனக்கு ஆறுதல் சொல்லி மூன்று பக்கம் எழுதினீர்கள். எனக்கு மதிப்பாக இருக்கட்டும் என்று கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் எழுதினீர்கள். அதைச் சிவப்பு மையில் திருத்தி உங்களுக்கே திருப்பி அனுப்பினேன். விளையாட்டு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். விளையாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பேனா கையில் இருந்தது, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அதற்கப்புறம் உங்கள் வாசலை மிதிக்க முகமில்லை. மன்னிப்புக் கேட்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்டவளிடம் நீங்களாக வந்து தாளை நீட்டுகிறீர்கள். திருத்தித் தருவீர்களா என்று ஒரு கேள்வி வேறு.

அனுப்புங்கள். ஒரு நிபந்தனை: புத்தகத்திலிருந்து காப்பி அடிக்கக் கூடாது. கண்ணெதிரே இருப்பதை எழுதுங்கள். அப்போதுதான் தப்பு இயல்பாக வரும். வாரம் மூன்று வாக்கியம் போதும். சட்டம் எளிது. மூன்று பேரை வரிசையில் நிறுத்தினால் மூவரும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். இரண்டு பேர் நின்று மூன்றாமவர் உட்கார்ந்திருந்தால் மார்க் போயிற்று. வேலை செய்யாத சொல்லை வரிசையிலிருந்தே அனுப்பிவிட வேண்டும்.

அது என்ன "நீங்கள்"? முன்பெல்லாம் வாடி போடி என்றுதானே பேச்சு? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் எங்கே? கடைசிக் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. குடிநீர் ஆபீசில் வரைபடம் போடுகிற டிராப்ட்ஸ்மேன் இல்லையா, வருஷத்துக்கு மூன்று கடிதத்தையும் ஸ்கேல் வைத்து அளந்து போடுவார். அடுத்த உறையின் ஓரத்தில் ஒரு வரி கிறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆசிகள். சரி, "நீ" என்றே எழுதுகிறேன், போதுமா? பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்க்காதே.

பழசை நீ எழுதியது நல்லதாகப் போயிற்று. நானும் அந்த மூன்று பக்கத்தைத் தூக்கிப் போடவில்லை, துணி அலமாரியில் கிடக்கிறது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது நீ திருத்தியதற்காக இல்லை. நான் எழுதியதில் உன் அம்மாவின் கடைசி நாள் இருந்தது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்க் மட்டும் போட்டிருந்தாய், நூற்றுக்கு முப்பத்தெட்டு. போகட்டும், விடு.

உன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன், கேட்டுக்கொண்டார். அவர் கை இப்போது எழுதுகிற நிலையில் இல்லை.

நான் அடுப்படி மேஜையிலேயே படிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான், வேடிக்கை பார்க்க ஒன்றும் கிடையாது. படிப்புக்கு நல்ல இடம்.

மூன்று வாக்கியம் தனித்தாளில் வைத்திருக்கிறேன். கண்ணெதிரே இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம், நலம்தானே? இங்கே குளிர் ஜாஸ்தி, மற்றபடி குறைவில்லை. முப்பத்தெட்டை இன்னும் நினைவு வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அண்ணனுக்கு எழுத முடியாத அளவுக்கு ஆபீசில் என்ன வேலை? ஊருக்கே தண்ணீர்க் குழாய் வரைகிறாரா? கை ஒழிந்ததும் எழுதச் சொல்லுங்கள்.

இனி பாடம். நீங்கள் எழுதிய ஆங்கிலத்தை அப்படியே தமிழில் போட்டுக் காட்டுகிறேன், கோணல் பளிச்சென்று தெரியும்.

முதல் வாக்கியம்: "அந்த மனிதர் குளியலறைக்குப் போனார், குழாயைத் திறந்தார், பிறகு அவருடைய விழுதல் நடந்தது." பாருங்கள், முதல் இரண்டும் தம் காலால் நடந்து வருகின்றன. மூன்றாவதை நாலு பேர் சேர்ந்து தூக்கி வர வேண்டியிருக்கிறது. "விழுந்தார்" என்றால் முடிந்தது.

இரண்டாவது: "அந்தப் பெண் தனியாக, ஒருவர் துணையும் இல்லாமல், அவரைத் தூக்கினாள்." தனியாக என்றாலே துணை இல்லை என்றுதானே பொருள்? ஒன்றை வெட்டிவிட்டேன்.

மூன்றாவது: "டாக்டர் சொன்ன செய்தி என்னவென்றால் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிற செய்தி." இரண்டு செய்தி எதற்கு? டாக்டர் பொறுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

மார்க் போடவில்லை. இனிமேல் எந்த ஜென்மத்திலும் உங்களுக்கு மார்க் போடமாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கதை ஜோடிக்கிற கை உங்களுக்கு இருக்கிறது. எங்கள் புத்தகத்தில் வருகிற ஆட்களெல்லாம் காலங்காலமாகச் சந்தைக்குப் போவார்கள், பழம் வாங்குவார்கள், திரும்பி வருவார்கள். உங்கள் மனிதர் விழவாவது விழுகிறார். எந்த வாரப் பத்திரிகையில் ஆஸ்பத்திரித் தொடர் படிக்கிறீர்கள்?

உங்கள் நாத்தனார்


மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, கொஞ்சம் அலைச்சல்.

திருத்தம் எல்லாம் புரிந்தது. இரண்டாவதில் மட்டும் ஒரு சந்தேகம். "தனியாக" என்பதும் "ஒருவர் துணையும் இல்லாமல்" என்பதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. துணைக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கும்போதுகூட ஒருத்தி தனியாக இருக்க முடியும் அல்லவா? அதனால் இரண்டையும் வைத்தேன். தேர்வில் தப்பு என்றால் வெட்டிவிடுகிறேன்.

பத்திரிகை எதுவும் படிப்பதில்லை. நேரமில்லை.

உன் அண்ணன் உன்னை நினைத்துக்கொள்கிறார். அடிக்கடி.

மறு தாள் உள்ளே இருக்கிறது.

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அலைச்சல் குறைந்ததா? உடம்பைக் கெடுத்துக்கொண்டு படிக்க வேண்டாம். நான் ஒரு ஜலதோஷத்தோடு எழுந்து நடமாடுகிறேன்.

உங்கள் சந்தேகம் அழகானது. ஆனால் தேர்வுத்தாள் திருத்துகிற ஆளுக்குத் தத்துவம் தேவையில்லை. வெட்டிவிடுங்கள்.

இந்தத் தடவை வந்தவை. "வலது கை, வலது கால், மற்றும் பேசுவது என்பதும் அவருக்கு வரவில்லை." கை, கால், பேச்சு. மூன்றும் பெயராக நிற்கட்டும். "அந்தப் பெண் தினமும் நாள்தோறும் அவருக்குச் சவரம் செய்கிறாள், தலை வாருகிறாள், சட்டை போடப்படுகிறது." தினமும் இருந்தால் நாள்தோறும் வேண்டாம். முதல் இரண்டையும் அவள் செய்கிறாள், சட்டை மட்டும் தானாக வந்து ஏறிக்கொள்கிறதா? அதையும் அவளே போடட்டும். "அவர் கண்களால் அழுகிறார்." வேறு எதனால் அழுவார், அண்ணி? வெட்டு!

நீங்கள் சிரித்திருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். இங்கே சிரிக்க ஆளில்லை. ஒரு நாளைக்கு நூற்றிருபது வாக்கியம் பார்க்கிறேன். சாயங்காலம் அறைக்கு வந்தால், கீழ் வீட்டுக்காரம்மா, "என்ன, வந்தாச்சா?" என்று கேட்பார். "வந்தாச்சு" என்பேன். அன்றைய பேச்சு அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது, அவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறு குரல் இருக்கிறதா என்று பார்க்கத் துணி மடித்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. உங்கள் உறை வருகிற நாளில் மாடிப்படியை இரண்டிரண்டாக இறங்குகிறேன், அது மட்டும் நிஜம்.

அண்ணனுக்குத் தனிச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். "எழுதுகிற உத்தேசம் உண்டா, இல்லையா?" என்று ஒரே கேள்விதான். பதில் வாங்கி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

ஐந்து வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணனிடமிருந்து ஆறு மாதமாக இல்லை. நேற்று மானேஜர் வெளியே போன சமயம் பார்த்து அண்ணன் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "சார் லீவுலதான் இருக்காருங்க" என்றார். "எத்தனை நாளா?" என்றேன். "நீங்க வீட்டுலயே கேட்டுக்கங்களேன்" என்று வைத்துவிட்டார்.

வீட்டில் கேட்கிறேன். என்ன லீவு? எதற்கு? நான் அம்மா விஷயத்தில் நடந்துகொண்டதற்கு நீங்கள் மன்னித்துவிட்டீர்கள், அவர் இப்போது ஆரம்பிக்கிறாரா? கோபம் என்றால் நாலு திட்டு திட்டி எழுதச் சொல்லுங்கள். இப்படி ஒரேயடியாக வாயை மூடிக்கொள்வது அவர் சுபாவமே இல்லை.

என் போன கடிதத்தில் எதையாவது அதிகப்படியாக உளறிவிட்டேனா? அந்த ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரத்தை மறந்துவிடுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ உளறவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

அவருக்கு உன்மேல் கோபம் கிடையாது. உன்மேல் கோபப்பட அவருக்குத் தெரியாது. லீவில்தான் இருக்கிறார், ஓய்வு வேண்டியிருந்தது. உன் சீட்டை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நேற்று முடிந்தது. ஆங்கிலத்தில் இருபது வாக்கியம் கேட்டிருந்தான். உன் பாடத்தில் படாத தப்பு ஒன்றுகூட இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். என்னைப் பார்த்து, "பொண்ணுக்குத் துணையா வந்தீங்களாம்மா?" என்றாள். "பொண்ணு நான்தான்" என்றேன்.

தேர்வு முடிந்த பிறகும் இரண்டு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். பழகிவிட்டது. இதையும் திருத்திவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய் நாலு மனிதர்களைப் பார்.

அண்ணி


மே 7

அண்ணி,

இன்று என்னால் முறைப்படி ஆரம்பிக்க முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கைக்கு வந்த வாக்கியம் எதையும் வீணாக்க மாட்டோம். உங்கள் தாள்களில் இருந்த வாக்கியங்கள் நன்றாக இருந்ததால் புதுப் புத்தகத்தில் பயிற்சி ஏழாக வைக்கலாம் என்று எடுத்தேன். உங்களைக் கேட்காமல்தான். கடைசியாக வந்த இரண்டையும் சேர்த்துத் திருத்தினேன். "அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, ஆனால் பதில் சொல்லுதல் இல்லை." "சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் அந்தப் பெண் இன்னும், இதுவரையில் சொல்லவில்லை." இன்னும் என்று ஒன்று இருக்கும்போது இதுவரையில் எதற்கு என்று ஓரத்தில் எழுதி டைப்புக்குக் கொடுத்தேன்.

எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவுதான். அதனாலேயே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்துத்தான் அடிப்பார். மத்தியானம் தாளோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்த மனுஷன் தேறிட்டாரா?"

"எந்த மனுஷன்?"

"விழுந்தாரே, அவருதான். பாவம், அந்தம்மா ஒத்தை ஆளா எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ. யாருகிட்டயாவது சொல்லக் கூடாதா?"

அவர் கையிலிருந்து தாளை வாங்கினேன். உங்கள் எட்டு வாக்கியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பேனாவை டிராயரில் போட்டுவிட்டு முதல் தடவையாகப் படித்தேன். குளியலறை. குழாய். வலது கை. பேச்சு. ஆறு மாதமாக எழுத வராத கை. "அவர் கை இப்போது எழுதுகிற நிலையில் இல்லை" என்று நீங்கள் கடிதத்திலேயே எழுதியிருந்தீர்கள். நான் ஆபீஸ் வேலை என்று நினைத்துக் கிண்டல் செய்தேன். என் அண்ணன் அழுகிறார் என்று எழுதினீர்கள், "கண்களால்" அதிகப்படி என்று வெட்டினேன். நான் எப்பேர்ப்பட்ட பிறவி, அண்ணி!

ஆபீசில் எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டேன். டைப்பிஸ்ட் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவரும் அழுதார்.

அண்ணன் இருக்கிறாரா? அதை முதலில் எழுதுங்கள். ரயிலுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் ஏழு வருஷம் வாசலை மிதிக்காதவள் நான். இத்தனை மாதம் நீங்கள் நேராகச் சொல்லாமல் இருந்தால் நான் வருவது உங்களுக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அவரைத் தூக்கியவர் நீங்கள், சவரம் செய்கிறவர் நீங்கள். உங்களை மீறி அந்த வீட்டுக்குள் நுழைய எனக்கு உரிமையில்லை. "வா" என்று ஒரு சொல் எழுதுங்கள். அடுத்த வண்டியில் ஏறுகிறேன். ஏன் மறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். என்ன காரணமானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்


மே 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் அண்ணன் இருக்கிறார். இதை எழுதும்போது ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ அழாதே, முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை. குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று கதவைத் தட்டினேன். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. பக்கவாதம் என்றார்கள், ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கால் இப்போது கொஞ்சம் ஊன்றுகிறார். கை வரவில்லை. இனி வேலைக்கு லாயக்கில்லை என்று ஆபீசில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பதிலாக மனைவிக்கு எழுத்தர் வேலை தருவார்களாம், தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். அந்தத் தேர்வுதான். தேறிவிட்டேன். முதல் தேதியிலிருந்து அவருடைய ஆபீசில், கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு மேஜை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்தாகிவிட்டது. அதனால் ஆள் தேவை என்பதற்காக உன்னைக் கூப்பிடவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். அவர் சொல்லவேண்டாம் என்றார் என்று எழுதிவிடலாம், நீ நம்பிவிடுவாய். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல அவருக்குப் பேச்சும் இல்லை.

பயிற்சித் தாளில் எழுதியது உனக்கு எப்படியாவது தெரியட்டும் என்று இல்லை. நேர்மாறாக. இந்த வீட்டில் நடப்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. உன்னிடம் சொன்னால் நீ திருத்துவாய், படிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்று பக்கக் கடிதத்தில் கற்றுக்கொண்டது அது. அதனால் தைரியமாக எழுதினேன். ஒவ்வொரு தடவை உன் உறையைப் பிரிக்கும்போதும், இந்தத் தடவையும் கண்டுபிடிக்கவில்லை என்று மூச்சு வரும். கூடவே, இவ்வளவு எழுதியும் தெரியவில்லையா என்று வயிறும் எரியும். இரண்டும் நான்தான். எது நிஜம் என்று கேட்காதே.

இப்போது காரணம்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் அவர் வாயைத் திறந்தார். நர்ஸ் வராந்தாவுக்கு ஓடி வந்து, "அம்மா, ஐயா பேசறாரும்மா, சீக்கிரம் வாங்க" என்றாள். ஓடிப்போய்க் குனிந்தேன். என்னை நேராகப் பார்த்து, "சுண்டு" என்றார்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவர் உனக்கு வைத்த பெயராமே அது. கல்யாணமான புதிதில் உன் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு அவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. எங்கேயோ அடியில் கிடந்திருக்கிறது.

நர்ஸ் சிரித்துக்கொண்டே, "உங்க பேராம்மா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சம். இதுபோல் ஒரே சொல் தங்கிவிடுவது உண்டு, வேறு வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றால் சுண்டு என்கிறார். வலித்தால் சுண்டு. ஜன்னலைச் சாத்தவும் சுண்டு, திறக்கவும் சுண்டு. நான் அடுப்படியில் கொஞ்சம் தாமதித்தால் அதட்டலாக ஒன்று வரும். சாயங்காலம் கையைப் பிடித்துவிடும்போது மெதுவாக ஒன்று சொல்வார், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியும். அப்போது கண்ணில் தண்ணீர் வரும். அதைத்தான் எழுதியிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. "இந்தா" என்பார், "எங்க போயிட்டே" என்பார். நானும் அதிலேயே திருப்தியாக இருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அது தங்கியிருக்குமோ என்னவோ. இப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறேன், உதட்டைக் காட்டிக் காட்டி. கவனமாகப் பார்த்துவிட்டு, "சுண்டு" என்கிறார். தப்பு என்று அவருக்கே தெரிகிறது. தலையில் அடித்துக்கொள்கிறார். அப்புறம் நான் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

ஆறு மாதமாக உன் பெயருக்கு நான் "என்ன" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வரப்போகிற பெண்மணியிடம்கூட அது என் செல்லப் பெயர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாசலில் உன்னைப் பார்த்ததும் கூப்பிடுவார். அது சரியான ஆளைக் கூப்பிடுவதாக இருக்கும். அந்தச் சொல்லுக்கு உரியவள் வந்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கப்புறம் என்னைக் கூப்பிட அவரிடம் வேறு சொல் கிடையாது.

தெரிந்துதான் எழுதுகிறேன். வா.

அண்ணி